ஏரிக்கரையில் இறக்கிய கோணிப்பை: வேலூர்த் தெரு ஒன்றில் பூனைகளும் பறவைகளும்

எங்கள் பூனை செல்லி வாசற்படியில் கொண்டுவந்து போட்ட சின்னான் என்ற கொண்டைக்குருவியின் குஞ்சுக்கு வால் இன்னும் முழுதாக முளைத்திருக்கவில்லை. 2023 மே மாதம், காலை ஆறேகால் மணி இருக்கும். கழுத்து ஒரு பக்கம் தொங்கிவிட்டது, உடம்பில் சூடு மட்டும் ஆறவில்லை. அந்தக் கூட்டை அம்மா மூன்று வாரமாகக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துவந்தார். பின்பக்கம் கறிவேப்பிலைச் செடியில், ஆள் உயரத்துக்கும் கீழே, நார்களையும் சிலந்தி நூலையும் வைத்துப் பின்னிய சின்னக் கிண்ணம் போன்ற கூடு, அதில் மூன்று முட்டை, இரண்டு பொரிந்தன. கறிவேப்பிலை பறிக்கக்கூட அந்தப் பக்கம் போகாமல் கடையில் கொத்தாக வாங்கிக்கொண்டிருந்தார். கூட்டைவிட்டு இறங்கிய மறுநாளே ஒரு குஞ்சு இப்படிப் போனது.

அம்மா செல்லியை அடிக்கவில்லை. "அது இன்னா பண்ணும், அதுக்குத் தெரிஞ்சது அவ்ளோதான்" என்று சொல்லிவிட்டு, குஞ்சைத் துளசி மாடத்துக்குப் பின்னால் புதைத்தார். விஷயம் பின் தெரு வாத்தியார் காதுக்குப் போய்விட்டது. ஓய்வுபெற்றவர், பல வருடமாக மொட்டை மாடியில் கம்பும் தண்ணீரும் வைத்துக் குருவிகளைப் பார்த்துக்கொள்பவர். "இந்தத் தெருவுல கீற அத்தனை பூனையையும் புட்சி அமிர்தி காட்டுல விட்டாதான் தம்பி நமக்குக் குருவி தங்கும்" என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "பூனையும் காலங்காலமா இருக்கு, குருவியும் காலங்காலமா இருக்கு சார்" என்று சொன்னேன். ரெண்டு பேருமே கொஞ்சம் சத்தமாகப் பேசிவிட்டோம்.

இரவு படுத்த பிறகு யோசித்துப் பார்த்தால், அவரிடமும் கணக்கில்லை, என்னிடமும் கணக்கில்லை. வீட்டுப் பூனையை வெளியே விடுவதால் பறவைகள் உண்மையிலேயே குறைகின்றனவா, அல்லது எப்படியும் சாகப்போகிற குஞ்சுகளில் சிலதைத்தான் பூனை எடுக்கிறதா? மறுநாள் ஒரு நீள நோட்டு வாங்கினேன். அதிலிருந்து இரண்டு வருடத்துக்கு மேல் எழுதியதைத்தான் இங்கே தொகுத்திருக்கிறேன், மற்ற நாடுகளில் ஏற்கெனவே ஆராய்ந்து சொன்னவற்றையும் சேர்த்து. ஒரு தெருவை வைத்து ஊரையே அளக்க முடியாது, அது எனக்குத் தெரியும். ஆனால் எங்கள் தெருவில் நடந்தது நிறைய தெருக்களில் நடப்பதுதான்.

தெருவும் ஏரியும்

பாகாயம் தாண்டி ஓட்டேரிப் பக்கம் எங்கள் தெரு. ஒரு முனையில் பஸ் போகும் ரோடு, கோழிக்கறிக் கடை, டீக்கடை. மறுமுனை ஏரிக்கரைப் பக்கம் போய் முடிகிறது. நடுவில் முப்பது வீடு இருக்கலாம், பாதிக்கு மேல் பின்பக்கம் கொஞ்சம் மண் தரை விட்டுக் கட்டிய பழைய வீடுகள். முருங்கை, நந்தியாவட்டை, மல்லிப் பந்தல், கறிவேப்பிலை எல்லாம் உண்டு, அதனால் சின்னான், தையல்சிட்டு, தேன்சிட்டு, புள்ளிப்புறா, தவிட்டுக்குருவிக் கூட்டம் எல்லாம் எங்கள் கைக்கெட்டும் உயரத்திலேயே குடும்பம் நடத்துகின்றன. கருஞ்சிட்டு சுவர்ப் பொந்தில் கூடு வைக்கும்.

மழை ஏமாற்றிய வருடத்தில் மாசி பங்குனிக்கெல்லாம் ஏரித் தரை வெடித்துவிடும். வேலூர் வெயிலைப் பற்றி வேலூர்க்காரர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஆனால் அந்த வெடித்த தரையை நம்பி ஒரு பறவை இருக்கிறது, ஆள்காட்டி. அது கூடு கட்டுவதில்லை. சின்னச் சின்னக் கல்லுக்கு நடுவே ஒரு பள்ளம் பறித்து நான்கு முட்டை இடும், முட்டையின் நிறமும் புள்ளியும் மண்ணோடு மண்ணாகத் தெரியும், காலடியில் இருந்தாலும் கண்ணில் படாது. நான்கு வாரம் போல அடைகாக்க வேண்டும். உச்சி வெயிலில் தாய்ப்பறவை எங்கேயாவது இருக்கும் தண்ணீரில் வயிற்று இறகை நனைத்துக்கொண்டு வந்து முட்டை மேல் உட்காரும், முட்டை வெந்துவிடாமல் இருக்க. இதை முதல்முறை பார்த்தபோது நான் கரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

பூனைகள். வளர்ப்புப் பூனை என்று சொல்லக்கூடியவை ஐந்து வீடுகளில் இருந்தன. வளர்ப்பு என்றால் இங்கே என்ன அர்த்தம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். வேளைக்குச் சோறு வைப்போம், பெயர் வைப்போம், மடியில் படுத்தால் தடவிக்கொடுப்போம், ராத்திரி எங்கே போகிறது என்று கேட்க மாட்டோம். கறிக்கடையைச் சுற்றி நான்கைந்து, யாருக்கும் சொந்தமில்லாதவை. ஏரிக்குள் எத்தனை என்பது அப்போது எனக்குத் தெரியாது.

நோட்டில் விழுந்தவை

செல்லி எதைக் கொண்டுவந்தாலும் நாள், மணி, என்ன உயிர் என்று எழுதுவது. தெருவில் கண்ணில் படும் கூடுகளைத் தொடாமல் தூரத்திலிருந்து பார்த்து, கடைசியில் குஞ்சு பறந்ததா, இல்லையா, ஏன் என்று எழுதுவது. இவ்வளவுதான் திட்டம். எனக்குத் தகவல் சொன்னவர்களில் தெருப் பிள்ளைகள்தான் கெட்டிக்காரர்கள், எந்த மரத்தில் எந்தக் கூடு என்று அவர்களுக்குத் தெரியாதது இல்லை.

முதல் பத்துப் பக்கமும் எலிதான். எலி, சுண்டெலி, கொன்றுவிட்டுத் தின்னாமல் விட்ட மூஞ்சூறு, ஓணான், பல்லி, மழைக்காலத்தில் வெட்டுக்கிளி. அம்மாவுக்கு ரொம்ப நிம்மதி. ஆனால் மார்ச் நடுவிலிருந்து நோட்டின் முகம் மாறியது. அந்த ஒரு வருடத்தில் செல்லி வீட்டுக்குக் கொண்டுவந்த பறவைகள் 11. அதில் 8 மார்ச்சுக்கும் ஜூனுக்கும் நடுவில், ஒன்றைத் தவிர எல்லாமே விடியற்காலை ஏழு மணிக்குள். 11-இல் 9 இன்னும் சரியாகப் பறக்கத் தெரியாத குஞ்சுகள். சின்னான், தவிட்டுக்குருவி, புள்ளிப்புறா, ஒரு தையல்சிட்டு. வாத்தியார் இத்தனை வருடமாகப் பயந்துகொண்டிருந்த சிட்டுக்குருவி ஒன்றுகூட இல்லை. அது வீட்டுக்குள் மீட்டர் பெட்டிக்குப் பின்னால், ஓட்டு இடுக்கில், செல்லியால் ஏற முடியாத இடமாகப் பார்த்துக் கூடு வைத்துக்கொள்கிறது.

பதினொன்றுதானே என்று நான் ஆறுதல்பட்டுக்கொள்ள முடியவில்லை, அதற்குக் காரணம் அமெரிக்காவில் நடந்த ஓர் ஆய்வு. ஜார்ஜியா மாநிலத்தில் ஏதென்ஸ் என்ற ஊரில் 55 வீட்டுப் பூனைகளின் கழுத்தில் சின்ன கேமரா மாட்டி விட்டுப் பார்த்தார்கள், முடிவு 2013-இல் வெளியானது. அந்தப் பூனைகளில் வேட்டையாடியவை 44 சதவீதம்தான். பிடித்ததில் அதிகம் பல்லி இனம், பறவை குறைவு. ஆனால் பிடித்தவற்றில் வீட்டுக்கு வந்து சேர்ந்தது வெறும் 23 சதவீதம். கிட்டத்தட்ட பாதியைக் கொன்ற இடத்திலேயே போட்டுவிட்டு வந்துவிட்டன, மிச்சத்தைத் தின்றுவிட்டன. அப்படியென்றால் நம் வாசற்படியில் கிடப்பது நாலில் ஒரு பங்கு. அந்த ஊர்க் கணக்கை அப்படியே எடுத்து செல்லியின் பதினொன்றைப் பெருக்கக் கூடாதுதான். ஆனாலும் "எங்க பூனை எதையும் புடிக்காது" என்று யாராவது சொன்னால் இப்போதெல்லாம் நான் தலையாட்டுவதில்லை.

செல்லிமீது போட்ட பொய் வழக்கு

இதையும் சொல்லியே ஆக வேண்டும். 2024 ஏப்ரலில் எதிர்வீட்டு மதில் பொந்தில் இருந்த கருஞ்சிட்டுக் கூடு காலியாகிவிட்டது. நான் யோசிக்காமல் "செல்லி" என்று எழுதிவிட்டேன். ரெண்டு நாள் கழித்து அம்மாதான் ஞாபகப்படுத்தினார், அன்று வீட்டில் விருந்தாளிகள், கறிக்குழம்புச் சட்டியைக் காப்பாற்ற செல்லியை விடியற்காலையிலிருந்தே ஸ்டோர் ரூமில் போட்டுப் பூட்டியிருந்தோம். அந்த வரியை அடித்தேன். அதற்குப் பிறகுதான் வேலைக்குக் கிளம்புவதற்கு முன் தினமும் முக்கால் மணி நேரம் மாடியில் உட்கார ஆரம்பித்தேன். ஒரு நாள் செண்பகப் பறவை ஒன்று மல்லிப் பந்தலுக்குள் நுழைந்து தையல்சிட்டுக் கூட்டைப் பிரித்துக் குஞ்சை எடுத்துக்கொண்டு போனதை என் கண்ணால் பார்த்தேன். காக்கை ரெண்டு கூட்டை எடுத்தது. ஒன்றில் பாம்பு ஏறியதைப் பால்காரர் பார்த்தார். ஒன்று கோடை மழைக் காற்றில் விழுந்தது. அந்தப் பருவத்தில் நான் கண்காணித்த ஒன்பது கூடுகளில் குஞ்சு பறந்தது மூன்றில்தான், பூனை எடுத்தது என்று உறுதியாகச் சொல்ல முடிந்தது ஒன்றே ஒன்று. வெப்ப நாடுகளில் திறந்த கூடுகள் பெரும்பாலும் தோற்பதுதான் இயல்பு. அதனால்தான் சின்னான் மாதிரிப் பறவைகள் ஒரு கூடு போனால் உடனே அடுத்ததற்கு நார் பொறுக்கப் போகின்றன.

ஆக, செல்லியின் பெரும் சேதம் கூட்டில் இல்லை, கூட்டைவிட்டு இறங்கிய முதல் மூன்று நான்கு நாளில்தான். அந்த நாட்களில் குஞ்சு தரையிலும் புதரடியிலும் தத்தித் தத்தித் திரியும், தாயும் தகப்பனும் பக்கத்திலேயே இருந்து ஊட்டும். நாம் அதைப் பார்த்துவிட்டுக் கூட்டிலிருந்து விழுந்துவிட்டது என்று நினைக்கிறோம். அது விழவில்லை, பழகிக்கொண்டிருக்கிறது.

இன்னொன்றும் மாடியிலிருந்துதான் தெரிந்தது. செல்லி சும்மா மதில்மேல் படுத்திருந்தாலே போதும், சின்னான் ரெண்டும் உயிரே போவது போலக் கத்தும். அந்தக் கத்தல் காக்கைக்குத் தகவல். ஒரு காலை செல்லி கூட்டுப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் வெயில் காய்ந்துகொண்டிருந்தது, பறவைகள் அதன் தலைக்கு மேல் சுற்றிக்கொண்டிருந்தன, அந்த நேரத்தில் காக்கை வந்து கூட்டில் இருந்ததைக் கொத்திக்கொண்டு போனது. தற்செயலா என்று நினைத்தேன். அப்புறம் தேடிப் படித்தபோது இங்கிலாந்தில் ஷெஃபீல்டு நகரத்தில் இதையே சோதித்திருப்பது தெரிந்தது. தோட்டத்தில் கூடு வைத்திருக்கும் ஒரு கரும்பறவை இனத்தின் கூட்டுக்குப் பக்கத்தில் பஞ்சடைத்துப் பாடம் செய்த பூனையைக் கால் மணி நேரம் வைத்து எடுத்துவிட்டார்கள். எடுத்த பிறகும் பெற்றோர் குஞ்சுக்கு இரை கொண்டுவருவது மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தது, அந்தக் கூடுகளைக் காக்கை இனப் பறவைகள் சூறையாடுவதும் கூடியது. 2013-இல் வந்த முடிவு இது. அந்தப் பூனைக்கு உயிர்கூட இல்லை. நோட்டில் "காக்கை" என்று நான் எழுதிய ரெண்டு வரியில் ஒன்றில் செல்லிக்கும் பங்கு உண்டு என்று இப்போது எழுதி வைத்திருக்கிறேன்.

கோணிப்பை

இந்த ஆய்வின் கனமான பகுதி இதுதான், எழுதவும் எனக்குக் கஷ்டமான பகுதி.

2024 ஜனவரியில் செல்லி பரண்மேல் நான்கு குட்டி போட்டது. பூனை குட்டியை வாயில் கவ்விக்கொண்டு ஏழு வீடு மாற்றும் என்பார்கள், எங்கள் வீட்டுக்குள்ளேயே அது ஏழு இடம் மாற்றியது. குட்டிகள் ஓட ஆரம்பித்ததும் வீடு தாங்கவில்லை. கேட்டவர்கள் எல்லாம் கடுவன் குட்டி இருந்தால் கொடு என்றார்கள், பெட்டைக்கு ஆள் வரவில்லை. ஒரு கடுவன் மட்டும் போனது. ஊரிலிருந்து வந்திருந்த பெரியப்பா மிச்சம் மூன்றையும் கோணிப்பையில் போட்டு, வாயைக் கட்டி, வழி தெரிந்தால் திரும்பி வந்துவிடும் என்பதற்காக ரெண்டு தெரு சுற்றி, ஏரிக்கரையில் கொண்டுபோய் அவிழ்த்துவிட்டு வந்தார். அடித்துக் கொன்றால் பாவம், இப்படி விட்டால் பாவமில்லை, பிழைத்துக்கொள்ளும். எங்கள் பக்கம் எல்லோரும் செய்வதுதான். நான் வீட்டில்தான் இருந்தேன். தடுக்கவில்லை.

ஏப்ரல் கடைசியில் ஏரித் தரையில் மூன்று ஜோடி ஆள்காட்டி இருந்தது, ரெண்டு இடத்தில் முட்டையைப் பார்த்திருந்தேன். ஒரு இடத்தில் நான்கும் ஒரே ராத்திரியில் போய்விட்டன. சேறு காயாத பக்கம் போய்த் தடம் பார்த்தேன். நாய்த் தடத்தில் நகக்குறி விழும், கீரித் தடத்திலும் விழும், பூனை நகத்தை உள்ளே இழுத்துக்கொண்டு நடப்பதால் அதன் தடம் வழவழவென்று உருண்டையாக இருக்கும். அங்கே நாய்த் தடமும் இருந்தது, பூனைத் தடமும் இருந்தது, யார் எடுத்தது என்று சொல்ல முடியாது. இன்னொரு இடத்தில் நான்கு குஞ்சு பொரிந்தது. ஆள்காட்டிக் குஞ்சு பொரிந்த சில மணி நேரத்திலேயே நடக்கும், பஞ்சு உருண்டைக்குக் கால் முளைத்த மாதிரி. மூன்றாம் நாள் காலை தாயும் தகப்பனும் மாறி மாறிப் பாய்ந்து பாய்ந்து கத்துவதைக் கேட்டுக் கரைமேல் ஓடினேன். வேலிக்காத்தான் புதரை நோக்கி ஒரு பூனை போய்க்கொண்டிருந்தது, ஒல்லியாக, விலா எலும்பு தெரிய, வாயில் குஞ்சு. உடம்பெல்லாம் செல்லியைப் போல வரி, வால் நுனி மட்டும் வெள்ளை. எங்கள் பரணில் பிறந்த குட்டி. அதைப் பாட்டில் மூடியில் பால் ஊற்றி வளர்த்தது என் தங்கை.

அதற்கு நான்கு மாதம்கூட ஆகவில்லை. பசி. அதன்மேல் எனக்கு இன்றைக்கும் கோபம் இல்லை.

அதற்குப் பிறகு ஏரிக்குள் பூனைகளை எண்ண ஆரம்பித்தேன், அந்தி நேரத்தில், டார்ச் அடித்தால் கண் மின்னும். வாலையும் நிறத்தையும் வைத்துத் தனித்தனியாக அடையாளம் சொல்ல முடிந்தது ஒன்பது. கரையோரம் கொட்டும் கறிக்கடைக் கழிவும் கல்யாண வீட்டு எச்சில் இலையும்தான் அவற்றின் சாப்பாடு. கழிவு இருக்கும் வரை பூனை சாகாது, கழிவு வராத நாளில் தரையில் இருப்பதைத் தின்னும். இங்கேதான் நம் ஊர்க் காட்டுப்பூனைக்கும் இதற்கும் வித்தியாசம். பழந்தமிழில் வெருகு என்று சொன்ன காட்டுப்பூனை இந்த மாதிரிப் புதர்க்காட்டிலும் ஏரியோரத்திலும் காலம்காலமாக இருப்பது, ஆள்காட்டி அதைப் பார்த்துப் பழகித்தான் வளர்ந்தது. ஆனால் காட்டுப்பூனை தன் இரையை நம்பி மட்டுமே வாழ்வதால் ஒரு பெரிய பரப்புக்கு ஒன்றிரண்டுதான் இருக்க முடியும். இரை குறைந்தால் அதுவும் குறையும். எங்கள் சின்ன ஏரியில் ஒன்பது வீட்டுப்பூனை இருக்க முடிகிறது என்றால் அது இரையால் இல்லை, நம் குப்பையால்.

மற்ற இடங்களில் என்ன தெரிந்தது

உலக அளவில் பூனையைக் குற்றவாளி என்று சொல்லும் கதைகளில் முதலில் வருவது நியூசிலாந்தின் ஸ்டீபன்ஸ் தீவு. 1890-களில் அங்கே கலங்கரை விளக்கம் கட்டினார்கள், ஆட்கள் குடியேறினார்கள், பூனையும் போனது. அந்தத் தீவில் பறக்கத் தெரியாத ஒரு குட்டிப் பறவை இருந்தது, சில வருடத்துக்குள் அது உலகத்தை விட்டே போய்விட்டது. விளக்குக் காவலரின் ஒற்றைப் பூனையே மொத்தத்தையும் தின்றுவிட்டது என்று கதை சொல்வார்கள், உண்மையில் அங்கே வீட்டுப் பூனைகள் பெருகி, யாரும் வளர்க்காமல் தாமாகவே திரிந்தன. 2016-இல் வெளியான ஓர் ஆய்வு, பூனைக்குப் பங்கிருந்த அழிவுகள் என்று 63 உயிரினங்களைக் கணக்கிட்டது, அதில் 40 பறவைகள். அழிவுகள் பெரும்பாலும் தீவுகளில் நடந்தவை. பாலூட்டி வேட்டை விலங்கையே பார்க்காத பறவைக்கு ஓடவும் தெரியாது, உயரத்தில் கூடு வைக்கவும் தெரியாது.

பெரிய நிலப்பரப்பில் இது சிக்கலாகிறது. அமெரிக்காவில் பூனைகள் வருடத்துக்கு 130 கோடியிலிருந்து 400 கோடி பறவைகள் வரை கொல்கின்றன என்று 2013-இல் மதிப்பிட்டார்கள். அதில் ஏறக்குறைய 69 சதவீதம் யாரும் வளர்க்காத பூனைகளால். ஆஸ்திரேலியாவில் வருடத்துக்கு 37.7 கோடி பறவைகள், அதில் வளர்ப்புப் பூனையின் பங்கு 6.1 கோடி. கேட்டால் மலைக்க வைக்கும் எண்கள்தான். ஆனால் எத்தனை செத்தது என்பதும் இனம் குறைகிறதா என்பதும் ரெண்டு வேறு கேள்விகள். பிரிட்டனில் வசந்தமும் கோடையும் சேர்ந்த மாதங்களில் மட்டும் 2.7 கோடி பறவைகளைப் பூனைகள் பிடிக்கின்றன என்று ஒரு மதிப்பீடு உண்டு, அப்படியிருந்தும் அதனால் நாடு முழுக்கப் பறவைத் தொகை குறைகிறது என்பதற்குத் தெளிவான ஆதாரம் இல்லை என்றுதான் அங்குள்ள பெரிய பறவைப் பாதுகாப்புச் சங்கமே சொல்கிறது. பூனையை வெறுப்பவர்கள் இந்த வரியை விட்டுவிடுகிறார்கள், பூனையை வளர்ப்பவர்கள் இந்த வரியை மட்டும் பிடித்துக்கொள்கிறார்கள்.

அது எப்படி என்பதற்கு பிரிஸ்டல் நகரத்தில் செய்த ஒப்பீடு உதவும். பூனை கொன்ற பறவைகளையும் கண்ணாடியில் மோதியோ அடிபட்டோ செத்த பறவைகளையும் எடுத்து உடல்நிலையைப் பார்த்தார்கள். பூனை கொன்றவை சராசரியாக நலிந்தவை. அதாவது ஒரு பகுதி எப்படியும் பட்டினியிலோ நோயிலோ போயிருக்கும். வருடத்துக்கு ரெண்டு மூன்று முறை முட்டையிட்டு ஈடுகட்டும் சின்னானுக்கும் தவிட்டுக்குருவிக்கும் இது பொருந்தும் என்று நினைக்கிறேன். செல்லியால் எங்கள் தெருவில் சின்னான் குறையவில்லை, இரண்டு வருடத்தில் என் நோட்டிலும் குறையவில்லை, வாத்தியாரும் இதை இப்போது ஒத்துக்கொள்கிறார்.

ஆள்காட்டிக்கு இது பொருந்தாது. மூன்று ஜோடி மட்டும் இருக்கும் இடத்தில், தரையில் நான்கு வாரம் உட்கார்ந்தாக வேண்டிய பறவைக்கு, ஒன்பது பூனையும் நாய்களும் போதும் ஒரு பருவத்தையே முடிக்க. ஏரி கடல் சூழ்ந்த தீவு இல்லைதான், ஆனால் மூன்று பக்கமும் பிளாட் போட்டுவிட்ட பிறகு தரையில் கூடு வைக்கும் பறவைக்கு அது தீவு மாதிரித்தான். ஜெர்மனியில் வால்டோர்ஃப் என்ற சிற்றூரில் 2022 மே மாதம் இதே கணக்கைப் போட்டுத்தான் உத்தரவு போட்டார்கள். தரையில் கூடு வைக்கும் கொண்டை வானம்பாடி அங்கே விரல்விட்டு எண்ணும் அளவுக்குக் குறைந்துவிட்டதால், ஊரின் ஒரு பகுதியில் பூனைகளை ஆகஸ்ட் கடைசி வரை வீட்டுக்குள்ளேயே வைக்க வேண்டும் என்று. நிறைய பேர் திட்டினார்கள். எனக்கு அது சரியாகவே படுகிறது, ஏனென்றால் எல்லாப் பூனையையும் எப்போதும் என்று சொல்லவில்லை, இந்த இடம், இந்த மாதம், இந்தப் பறவை என்று சொன்னார்கள்.

அதே நேரம் பூனையைக் காட்டி மற்றதை மறைத்துவிடவும் கூடாது. இந்தியப் பறவைகளின் நிலை பற்றி 2023-இல் வந்த அறிக்கையில், நீண்டகாலப் போக்கைச் சொல்ல முடிந்த 338 இனங்களில் 60 சதவீதம் குறைந்திருக்கின்றன. அவ்வளவையும் பூனை தின்றுவிடவில்லை. வாழிடம் போவதும் பூச்சிமருந்தும்தான் பெரிய காரணங்கள். எங்கள் ஏரியிலும் ஆள்காட்டிக்கு முதல் எதிரி வேலிக்காத்தானும் மண் அள்ளும் லாரியும்தான், பூனை அதற்குப் பிறகு.

நாங்கள் செய்தது

வாத்தியார் சொன்ன அமிர்திக் காடு நடக்காத காரியம், நடந்தாலும் தப்பு. காட்டில் விட்டால் அங்கே இருக்கும் பறவைக்கும் காட்டுப்பூனைக்கும் நாம் தெருவின் தொல்லையை அனுப்பி வைக்கிறோம். ஏரியில் கோணியை அவிழ்த்தது போலத்தான் அதுவும். இதை அவரிடம் சொன்னபோது கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார், அப்புறம் "அப்போ நான் இன்னா செய்யட்டும் சொல்லு" என்றார்.

முதலில் மணி. பூனைக்கு யார் மணி கட்டுவது என்று கேட்போமே, கட்டியே பார்த்தேன். செல்லி ரெண்டு நாளில் மணி ஆடாமல் நடக்கக் கற்றுக்கொண்டது. இங்கிலாந்தில் முன்பு ஒரு சோதனையில் மணி கட்டியதால் பறவை பிடிப்பது 41 சதவீதம் குறைந்தது, 2021-இல் எக்ஸெட்டர் பல்கலைக்கழகத்தினர் வீட்டுப் பூனைகளை வைத்துச் செய்த பெரிய சோதனையில் மணியால் குறிப்பிடும்படி ஒன்றும் நடக்கவில்லை. அதே சோதனையில் வேறு ரெண்டு விஷயம் பலித்தது. இறைச்சிப் புரதம் நிறைந்த உணவு கொடுத்த வீடுகளில் பூனை கொண்டுவரும் இரை 36 சதவீதம் குறைந்தது, தினமும் ஐந்து பத்து நிமிடம் பூனையோடு விளையாடியவர்கள் வீட்டில் 25 சதவீதம். நாங்கள் செல்லிக்குக் கொடுத்தது பால் சோறு, தயிர் சோறு, எப்போதாவது மீன் தலை. வயிறு நிறையும், பூனைக்கு வேண்டியது கிடைக்காது. இப்போது வேகவைத்த கோழி ஈரலும் மத்தி மீனும் தினமும் ஒரு வேளை. சாயங்காலம் தங்கை கயிற்றில் துணி கட்டி இழுத்துக்கொண்டு ஓடுகிறாள்.

ஆனால் எங்கள் நோட்டில் உண்மையாக வித்தியாசம் காட்டியது கதவு. பிப்ரவரியிலிருந்து ஜூன் வரை அந்தி சாய்ந்ததும் உள்ளே, காலை எட்டு மணிக்குப் பிறகுதான் வெளியே. முதல் பத்து நாள் கத்திய கத்தலில் யாரும் தூங்கவில்லை. அதற்குப் பிறகு பழகிவிட்டது. 2025 மார்ச்சிலிருந்து ஜூன் வரை செல்லி கொண்டுவந்த பறவைகள் 2, முந்தைய வருடம் அதே மாதங்களில் 8. நான் செய்தவற்றில் எது எவ்வளவு உதவியது என்று பிரிக்க முடியாது, எல்லாவற்றையும் ஒன்றாகச் செய்தேன். எலி பிடிப்பது கொஞ்சம் குறைந்தது, அதற்கு அம்மா என்னிடம் கணக்குக் கேட்கிறார்.

கறிக்கடைப் பூனைகளுக்குத் தீர்வு சொன்னவர் கடைக்கார பாய். அவர் கூப்பிட்டால் அவை வரும், வேறு யார் கைக்கும் சிக்காது. பூனையைத் துன்புறுத்தக் கூடாது என்பதில் அவர் வீட்டில் ரொம்பக் கண்டிப்பு, அதனால் ஆபரேஷன் என்றதும் முதலில் தயங்கினார். பூனைக்குக் கரு நிற்பது ஒன்பது வாரம்தான், வருடத்துக்கு ரெண்டு மூன்று ஈற்று, அத்தனை குட்டியும் கடைசியில் கோணிக்குத்தான் போகிறது என்று பேசினோம். "கோணியில போறது மட்டும் பாவமில்லையா" என்று அவரே கேட்டுக்கொண்டார். தெருவில் காசு பிரித்து, அவர் ஒவ்வொன்றாகத் துணிப்பையில் தூக்கிவர, கால்நடை டாக்டரிடம் செல்லியோடு சேர்த்து ஆறு பூனைக்குக் கருத்தடை முடித்தோம். கடைக் கழிவு இப்போது மூடி போட்ட டிரம்மில் போகிறது. கல்யாண மண்டபத்து எச்சில் இலை இன்னும் கரையில்தான் விழுகிறது, பேசிப் பார்த்துவிட்டோம், நடக்கவில்லை. ஏரிப் பூனைகளையும் எங்களால் பிடிக்க முடியவில்லை. வெள்ளை வால் நுனியை 2024 தீபாவளிக்குப் பிறகு நான் பார்க்கவில்லை.

2025 கோடையில் ஆள்காட்டி ரெண்டு ஜோடிதான் வந்தது. ஒரு கூடு லாரிச் சக்கரத்தில் போனது. இன்னொன்றில் நான்கு பொரிந்து, ஒன்று இறகு முளைத்துப் பறக்கும் வரை இருந்தது.

போன மாதம் ஐப்பசி மழையில் பால்காரர் கரையோரத்தில் ஒரு கோணிப்பை அசைவதைப் பார்த்து என்னைக் கூப்பிட்டார். உள்ளே ரெண்டு குட்டி, ரெண்டு மாதம் இருக்கும், நனைந்து நடுங்கிக்கொண்டு. ஒன்றை பாய் எடுத்துக்கொண்டார். இன்னொன்று பெட்டை, எங்கள் வீட்டில் இருக்கிறது, செல்லி அதைப் பார்த்து இன்னும் சீறிக்கொண்டுதான் இருக்கிறது. ஐந்தாறு மாதம் ஆனால் ஆபரேஷன் செய்யலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். பிப்ரவரிக்குள் முடித்துவிட வேண்டும், சின்னான் அப்போதுதான் நார் பொறுக்க ஆரம்பிக்கும்.